அக்கா வீட்டு மணிநேரங்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. நேற்று உன் வீட்டு வாசலில் நின்று மணியடித்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவுதான் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கடிதம். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் உனக்கு எழுதியிருக்கிறேன், அதுவும் செலவுக்குக் கேட்டு. இப்போதும் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன், பணம் இல்லை, பயப்படாதே.

முதலில், பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா எப்படி இருக்கிறார்? வலது கையில் தகடு வைத்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க நினைத்தேன். விசாரணை முடியும்வரை மாநகராட்சி ஆள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எங்கள் மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர் வீட்டுப் பின்சுவர் எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். ரயில் பாதைக்காகச் சாக்கடைக் குழாயை நகர்த்த வேண்டியிருந்தது. குழியை ஆழமாகத் தோண்டிய கம்பெனி ஆட்கள் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். மண் சரிந்தது, சுவரும் போயிற்று. முழுக்க முழுக்க அவர்கள் தவறு. தெருவில் யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். போன வருஷம் நான் உன் வீட்டுக்கு வந்த நாட்கள் அதில் இருக்கின்றன. 'மாநகராட்சி ஆய்வாளர் மேற்படி நாட்களில் என் வீட்டுச் சுவர்களைப் பார்வையிட்டார்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. சும்மா ஒரு அலுவலகச் சடங்கு. ரொம்ப யோசிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
சின்னவன்


மார்ச் 9

சின்னவனுக்கு,

மணியடித்தது கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். திறந்தால் நீ 'பசிக்குதுக்கா' என்பாய். நான் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். கேட்க நினைத்த எதையும் கேட்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

தையற்காரம்மாவைப் பற்றி அலுவலகத்தில் சொன்னார்களா? நான் சொல்கிறேன், கேள். சுவர் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் நானும்தான் செங்கல்லை அள்ளி அள்ளிப் போட்டோம். தையல் மெஷின் அவள்மேல் சாய்ந்து கிடந்தது, கை அதற்கடியில் மாட்டியிருந்தது. மயக்கம்கூட வரவில்லை அவளுக்கு. 'துணியெல்லாம் அழுக்காயிடும், மொதல்ல அத எடுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் யார் துணியோ, அளவெடுத்து வெட்டி வைத்தது.

இப்போது விரல்கள் மடங்கவில்லை. இனி ஊசியில் நூல் கோக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கிறாள். அவர் மென்று விழுங்குகிறார். அந்தக் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். 'உங்க தம்பி அன்னைக்கு எங்க போயிருந்தாரு?' கோபமாகக் கேட்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிற தொனியில் கேட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தாள் அனுப்பியிருக்கிறாய்.

தாளைப் படித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து நீ ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாயே, அந்த நாள் இருக்கிறது. 'சுவர் அதிர்வுக் கண்காணிப்பு' என்று போட்டிருக்கிறது. உன் அத்தான் போய் ஒரு வருஷம் ஆன நாள் இருக்கிறது. அன்று நீ மாலைவரை என்னோடு உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பார்த்தாய். தாளில் 'பின்சுவர் விரிசல் ஆய்வு'. என் வீட்டுப் பின்சுவர் முழுக்க மரப் பீரோ நிற்கிறது. நாம் இரண்டு பேர் தள்ளினாலும் அது நகராது. நீ எதை ஆய்வு செய்தாய்?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் முடிவுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான். கண்ணாடிக்கடியில் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இது என்ன தாள் என்று பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


மார்ச் 13

அக்கா,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

ரயில் பாதை போடுவது கம்பெனி. ஆனால் சாலை மாநகராட்சியுடையது, சாக்கடை மாநகராட்சியுடையது. வேலை நடக்கும்போது தெருவில் இருக்கிற வீடுகளுக்கு ஆபத்து வராமல் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அதற்கு என்னைப் போல ஆய்வாளர்கள் வேண்டும். ஊராரின் வரிப்பணத்திலிருந்து எங்களுக்கு ஏன் சம்பளம் தர வேண்டும், வேலையை இழுத்துவிட்டவனே தரட்டும் என்று கம்பெனியோடு ஒப்பந்தம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நியாயமான ஏற்பாடுதான்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வேலை எண் உண்டு. அந்தத் தெருவில் நான் செலவழிக்கும் நேரத்தை அந்த எண்ணுக்குக் கீழே எழுத வேண்டும். மாநகராட்சி பில் அனுப்பும், கம்பெனி கொடுக்கும். ஒரு எண்ணுக்கு இத்தனை மணிநேரம்தான் என்று உச்சவரம்பும் உண்டு. அது தீர்ந்துவிட்டால், இரண்டு தரப்பும் புதிதாகக் கையெழுத்திடும்வரை நான் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த நேரத்துக்குக் கம்பெனி தராது, மாநகராட்சி தலையில் விழும். எங்கள் மேலாளர் வாராந்தரக் கூட்டத்தில் இதையேதான் ஓதுவார். 'எழுதின நேரம் அவங்க செலவு. எழுதாத நேரம் நம்ம செலவு. புரிஞ்சு நடந்துக்குங்க.' குறைவாக எழுதுகிறவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்.

போன வருஷம் உன் தெருவில் வேலையே இல்லை. தகர வேலி மட்டும்தான் நின்றது. ஆனாலும் என் நேரத்தை எங்காவது எழுதியாக வேண்டும். உன் தெரு எண்ணில் நேரம் முழுசாகக் கிடந்தது. நீ தனியாக இருந்தாய். வந்தேன். வந்ததை எழுதினேன். முதல் முறை உண்மையிலேயே உன் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா, நீ சிரித்தாய். அதற்குப் பிறகு தட்டவில்லை, எழுதினேன். உன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். திரும்பப் போட்டுக்கொள்ளும்போதும் பார்ப்பேன்.

நிஜமான தோண்டும் வேலை வந்தபோது உன் தெருவில் நேரம் மிச்சம் இல்லை. புதிதாக நேரம் ஒதுக்கக் கேட்டோம். வேலியைப் பார்க்கவே இவ்வளவு நேரம் தின்றுவிட்டீர்களே என்று கம்பெனி இழுத்தடித்தது. குழி தோண்டப்போகிற நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும். அறிவிப்பு என் மேஜைக்குத்தான் வந்தது. அன்று காலை நான் அடுத்த தெருவில் எங்கள் அலுவலகக் கூடாரத்தில் இருந்தேன். இயந்திரச் சத்தம் கேட்டது. எழுந்து நடந்தால் டீ ஆறுவதற்குள் வந்திருக்கலாம். எண்ணில் நேரம் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன் அக்கா. முட்டு இல்லாததைப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருப்பேன். எனக்கு அந்த அதிகாரம் இருந்தது.

இப்போது கம்பெனி, உன் வீட்டு நேரமெல்லாம் பொய், தரமாட்டோம் என்கிறது. அந்த நேரம் பொய் என்றானால் உச்சவரம்பு தீரவே இல்லை, நேரம் இருந்தும் மாநகராட்சி பார்க்க வரவில்லை என்றாகும். அப்போது தையற்காரம்மாவுக்கான நஷ்டஈட்டில் பாதியை மாநகராட்சி தர வேண்டும். என் வேலையும் போகும். நீ கையெழுத்துப் போட்டால் எங்கள்மேல் தப்பில்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன். என் மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சின்னவன்


மார்ச் 20

சின்னவனே,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் பிரித்திருக்கக் கூடாது. அன்று ஒரு குழந்தையின் ரத்தத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. முதல் தடவை ஊசி தவறிவிட்டது.

இந்தத் தெருவில் நான் எப்படி நடந்தேன் தெரியுமா? 'வாரத்துக்கு மூணு நாள் வந்துடுறான், சொன்னாக் கேக்கமாட்டேங்கிறான்' என்று அலுத்துக்கொள்கிற மாதிரி பீற்றிக்கொண்டேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறவர்கள் காதுபடச் சொன்னேன். அத்தான் போனபிறகு எனக்கு யாரும் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. நீ வரும் நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பேன், உன் குரல் வெளியே கேட்கட்டும் என்று. அந்த ஜன்னலை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தையற்காரம்மா என்னிடம் வந்தாள், சுவர் விழுவதற்கு முந்தைய வாரம். பின்சுவரில் விரிசல் ஓடுகிறது, மாநகராட்சியில் எழுதிக் கொடுக்கலாமா, கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? 'எதுக்குங்க அலையுறீங்க? என் தம்பிதான் பாக்குறான். அவனுக்குத் தெரியாம இங்க ஒரு கல்லு அசையாது.' வாய் கிழியச் சொன்னேன். அவள் நம்பி வீட்டிலேயே இருந்தாள். உன்னிடம் போனில் சொன்னேனே, தையற்காரம்மா சுவரைப் பாருடா என்று? 'பாக்குறேன்க்கா' என்றாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

நீ எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை போனது அவளுக்கு.

உன் மேலாளர் நேற்று பரிசோதனை நிலையத்துக்கே வந்துவிட்டார். ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'உங்க தம்பி தங்கமான பையன்மா. ஒரு கையெழுத்துதான், யாருக்கும் நஷ்டம் இல்ல' என்றார். யாருக்கும் இல்லையா என்று கேட்டேன். கம்பெனி பாதிக்குமேல் தரமாட்டேன் என்கிறதாம், மாநகராட்சியும் ஒதுங்கிக்கொண்டால் அவளுக்குப் பாதிதான் வரும் என்று எலக்ட்ரீஷியன் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். அதை எடுத்துச் சொன்னதும் உன் மேலாளருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நல்லது. போ. போய் ஊர் கூடிய இடத்தில் உன் தம்பி திருடன் என்று சொல். யோக்கியமாகப் பேர் வாங்கு.

எல்லா ஆய்வாளர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒருவன் முடிவெட்டிக்கொண்ட நேரத்தைப் பாலத்துக் கணக்கில் எழுதுகிறான். சுவர் விழுந்தது என் தெருவில், அதனால் நான் மட்டும் அகப்பட்டுக்கொண்டேன். நீ பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கூடப்பிறந்தவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வந்தபோது நீயும்தானே சந்தோஷப்பட்டாய்? எழுதாமல் வந்திருந்தால் அத்தனை நாள் வந்திருக்கவே முடியாதே. வாரத்துக்கு ஒரு நாள்கூட நேரம் கிடைத்திருக்காது. அது உனக்குப் புரிகிறதா?

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய். அப்படியே அனுப்புகிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

விசாரணையில் நீயும் இருந்தாய், ஆனால் தலை நிமிரவில்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். 'மேடம், ஆய்வாளர் உங்க வீட்டுக்கு வந்தாரா?' வந்தான் என்றேன். 'வந்து என்ன செஞ்சார்?' அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மறந்துபோனது. 'சாப்பிட்டான். எங்கூட உக்காந்திருந்தான். நான் அழுதா சும்மா இருந்தான், போகமாட்டான்' என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். 'சுவரைப் பார்த்தாரா?' முதல் நாள் பார்த்தான், அப்புறம் பார்க்கவில்லை என்றேன். உன் மேலாளர் அப்போது மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு நானாகவே, விரிசலைப் பற்றித் தையற்காரம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. வக்கீல்கூட, அது தேவையில்லை மேடம் என்றார். அவள் முதல் வரிசையில் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தேவை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் அவளிடம் போய் நின்றேன். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் போனேன். 'அப்ப உங்க தம்பி உங்களப் பாக்கன்னு ஒரு நாளும் வரலியா?' என்று கேட்டாள். சின்னவனே, கை போனவள் என்மேல் பரிதாபப்பட்டாள். அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். பஸ் வரும்வரை அவள் பக்கத்திலேயே நின்றேன்.

உன் போன கடிதத்துக்குப் பதில்: ஆமாம், சந்தோஷப்பட்டேன். அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். காசு கொடுத்தது யாராக இருந்தாலும் அந்தச் சாயங்காலங்கள் எனக்கு வேண்டியிருந்தன. இப்போதும் கதவுச் சத்தம் கேட்டால் நீதானோ என்று எழுந்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தனை நாட்களில் எழுதாமல் வந்த நாள் ஏதாவது உண்டா? ஒன்று இருந்தாலும் போதும். தேடிப்பார்த்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

முதலில் வேலை விஷயம். உன் வீட்டு மணிநேரங்களையெல்லாம் பில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் உன் தெரு எண்ணில் நேரம் திரும்பி வந்துவிட்டது. வேறொரு ஆய்வாளர் வருகிறார், நான் கேள்விப்பட்டவரை கறாரான ஆள். பார்க்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. தையற்காரம்மாவுக்கு மாநகராட்சி தன் பாதியைத் தரும் என்று முடிவாகியிருக்கிறது. என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். தற்காலிகம் என்று மரியாதைக்குச் சொல்கிறார்கள். மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, இன்று காலை 'அக்கா எப்படி இருக்காங்க' என்று மட்டும் கேட்டாள்.

விசாரணையில் நீ பேசியபோது நான் நிமிராதது உன்மேல் கோபத்தால் இல்லை. 'நான் அழுதா போகமாட்டான்' என்று சொன்னாயே, அப்போதுதான் எனக்கு உள்ளே என்னவோ உடைந்தது. போகாமல் இருந்த அந்த நேரத்தையும் சேர்த்து எழுதியவன் நான்.

நீ கேட்ட நாளைத் தேடினேன். என் நினைவிலும் தேடினேன், எடுத்து வைத்திருந்த நேரக் கணக்குப் பிரதிகளிலும் தேடினேன். காய்ச்சல் நாள், அத்தான் நாள், நீ பல் பிடுங்கிக்கொண்டு பேச முடியாமல் கிடந்த நாள், குழாய் உடைந்து இருவரும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நாள். மழையில் நான் தொப்பலாக நனைந்து வந்தேனே, அன்று வேலை விஷயமாக வரவே இல்லை, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அதுவாவது இருக்காது என்று நம்பினேன். அதுவும் இருக்கிறது.

ஒரு நாளை இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்று தோன்றியது. நீ நம்பியிருப்பாய். சரிபார்க்கமாட்டாய்.

இல்லை அக்கா. ஒரு நாள்கூட இல்லை.

சின்னவன்


ஏப்ரல் 15

சின்னவனே,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு நாளை இட்டுக்கட்டாமல் விட்டாயே, அதற்காக உன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

புது ஆய்வாளர் வந்தார். தண்ணீர் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து பீரோவை நகர்த்தினார். பின்னால் அத்தானின் சீப்பு ஒன்று கிடந்தது, நூலாம்படை கிடந்தது, தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. என் வீட்டிலும் சின்னவனே. அதற்குப் பக்கத்தில்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீ சாப்பிடுவாய். இனி அந்த அறையில் படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தையற்காரம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கையால் கத்தரிக்கோல் பிடித்துப் பழகுகிறாள். வெட்டுவது கோணல்மாணலாகப் போகிறது. நான் துணியைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. நேராக என் வீட்டுக்கு வராதே. முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டு. எனக்கு எழுதினாயே, இயந்திரச் சத்தம் கேட்டது, உட்கார்ந்திருந்தேன் என்று, அதை அவளிடம் உன் வாயால் சொல். சப்பைக்கட்டு கட்டாதே, மேலாளரை இழுக்காதே. அவள் உட்காரச் சொன்னால் உட்கார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல்.

பிறகு இங்கே வா. எவ்வளவு நேரமானாலும் சாப்பிடாமல் இருப்பேன்.

அக்கா